எங்கள் ஆளின் ரத்தம்

செருப்பில்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. வலது கால் செருப்பின் முனை மட்டும் தேய்ந்துகொண்டே போனது. புதுச் செருப்பு. மட்டமான ரப்பரைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கணபதி பஸ் ஸ்டாப் பக்கத்திலிருந்த கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் வேறு ஜோடி எடுத்துக் கொடுத்தார். அதுவும் அதே இடத்தில் தேய்ந்தது. இரண்டும் ஒரே பெட்டிச் சரக்கு, அதனால்தான் அத்தனை சுலபமாக மாற்றிக் கொடுத்தார் என்று முடிவு கட்டினேன். என் கால்தான் தரையைவிட்டுச் சரியாக எழும்பவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

என் சுபாவம் அப்படி. பால் வந்தால் விரலில் தொட்டுப் பார்ப்பேன். சாயம் போகாது என்று கடைக்காரர் சத்தியம் செய்தால் அந்தப் புடவையை எடுக்கமாட்டேன். "சரசக்காகிட்ட ஒரு பொருளை வித்துப்போட்டா அப்பறம் உலகத்துல எங்க வேண்ணாலும் விக்கலாமுங்க" என்று வீதியில் கேலி பேசுவார்கள். கேலி பேசுகிறவர்கள் மீதும் எனக்கு ஒரு கண் உண்டு. என் வீட்டுக்காரருக்கு வீட்டின் முன்பக்கமே மோட்டார் ரீவைண்டிங் கடை. எரிந்துபோன பம்ப்செட் மோட்டாரைப் பிரித்து, செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கொடுக்கிற வேலை. ஆர்டர் பிடிக்க அவ்வப்போது ஹூப்ளி பக்கம் போய்விட்டு வருவார். திரும்பி வந்ததும் பையைத் துவைக்கிற சாக்கில் ஒரு பார்வை பார்த்துவிடுவேன். ஒன்றும் இருக்காது. ஒன்றுமே இல்லாதது இன்னும் சந்தேகமாக இருக்கும்.

அடுத்த சில மாதங்களில் காலையில் எழுந்ததும் இரண்டு காலும் மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொள்ள ஆரம்பித்தன. படி இறங்கும்போது முழங்கால் மடங்க மறுத்தது. கீழ் முதுகில் ஓயாத வலி. இதைவிட வெளியில் சொல்ல முடியாத ஒன்று, சிறுநீர் வந்தால் ஒரு நொடி தாங்காது. கல்யாண வீடுகளுக்குப் போனால் முதலில் பாத்ரூம் எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டு, அதற்குப் பக்கத்தில்தான் உட்காருவேன். எலும்பு டாக்டர் தேய்மானம் என்றார். பெல்ட் கட்டினார், கால்சியம் மாத்திரை கொடுத்தார், எக்ஸ்ரே எடுக்க ஒரு குறிப்பிட்ட இடத்துக்கே போகச் சொன்னார். அந்த இடத்துக்கும் அவருக்கும் என்ன உறவு என்று யோசித்தேனே தவிர, வியாதியைப் பற்றி யோசிக்கவில்லை.

என் ஒரே மகள் கவிதாவை பவானியில் கொடுத்தோம். கல்யாணத்தன்று மண்டபத்தில் மணமேடைப் படியில் ஏறும்போது கால் பின்னிக்கொண்டு, தாம்பூலத் தட்டோடு குப்புற விழுந்தேன். சம்பந்தி வீட்டார் முன்னால் எனக்குப் போன மானத்தைச் சொல்லி மாளாது. யாரோ பின்னாலிருந்து புடவையை மிதித்துவிட்டார்கள் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் விழுந்த இடத்திலிருந்து எழ முடியாமல் கிடந்தபோது, மிதித்தது யாருமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றுதான் முதன்முதலாகப் பயந்தேன்.

என் வீட்டுக்காரரின் அக்காவை நங்கை என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கத்து முறை அது. நங்கைதான் ஒரு நரம்பு டாக்டரைப் பற்றிக் கேள்விப்பட்டு, அவர் வேலை பார்த்த பெரிய ஆஸ்பத்திரியில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். டாக்டருக்கு நாற்பது வயதிருக்கும். மெல்லிய குரலில் பேசுவார். மெல்லிய குரலில் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றும். சின்னச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் உதைத்த உதையில் அவரே சற்று நகர்ந்துகொண்டார். உள்ளங்காலில் சாவியால் கீறினார், கட்டைவிரல் கீழே மடங்காமல் மேலே நிமிர்ந்தது.

"கால்ல ஒண்ணுமில்லைங்கம்மா. கோளாறு முதுகுக்குள்ள இருக்கிற தண்டுவடத்துல" என்றார்.

அதற்கப்புறம் காத்திருப்பதுதான் வேலை. ஸ்கேன் அறை வாசலில் மர பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். ஒவ்வொருவரும் அடுத்தவரின் கவரை எட்டிப் பார்ப்பார்கள். ஸ்கேன் என்பது குழாய் மாதிரி ஒரு மெஷினுக்குள் படுக்க வைத்துப் படம் எடுப்பது. உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே யாரோ தகரத்தைச் சம்மட்டியால் அடிப்பது போலச் சத்தம் வரும். கட்டி எதுவும் இல்லை, எலும்பு தண்டுவடத்தை அழுத்தவில்லை என்று வந்தது. டி.பி. இல்லை. சத்துக் குறைவும் இல்லை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் என் வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார். இத்தனை இல்லை என்றால் எதையோ சொல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்று நான் அவரைத் திட்டினேன்.

பிறகு முதுகில் நீர் எடுத்தார்கள். தண்டுவடத்தைச் சுற்றி ஒரு தெளிந்த நீர் ஓடுகிறது. கீழ் முதுகில், எலும்புகளுக்கு நடுவே ஊசி இறக்கி அதில் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பார்கள். குழந்தை வயிற்றுக்குள் சுருண்டிருக்கிற மாதிரி ஒருக்களித்து முடங்கிப் படுக்கச் சொன்னார்கள். ஊசியைவிட அந்த விறைத்த கால்களை மடக்கியதில்தான் உயிர் போனது. நங்கை என் தலையைத் தன் மடியில் வைத்து, "அவ்வளவுதான் சாமி, ஆச்சு சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவ்வளவு அன்பாக அவர் என்னிடம் பேசி நான் கேட்டதில்லை. அப்போ நிலைமை மோசம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நீரையும் என் ரத்தத்தையும் வெளியூர் லேபுக்கு அனுப்பிவிட்டு டாக்டர் என்னிடம் வந்து உட்கார்ந்தார். வீட்டுக்காரரை வெளியே இருக்கச் சொன்னார். அவருக்கு வெளித் தொடர்பு ஏதாவது உண்டா, எனக்கு எப்போதாவது ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா என்று கேட்டார். முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. இரண்டாவதற்குத் தலையை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னேன்.

"ஏத்துனாங்க டாக்டர். கர்ப்பப்பை ஆபரேசன் அப்ப. ஆனா வெளி ரத்தமெல்லாம் இல்லீங்க. எங்க ஆளோட ரத்தந்தான்."

அதில் எனக்குப் பெருமையே இருந்தது. இதற்கெல்லாம் சில வருஷம் முன்னால் கட்டி வந்து கர்ப்பப்பையை எடுத்தபோது எனக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. என் ரத்தம் ஓ நெகட்டிவ், லேசில் கிடைக்காத ரகம். ஆஸ்பத்திரி பிரிட்ஜில் ஒரு பாட்டில் இருந்தது. அதை ஏற்றக் கூடாது என்று என் சொந்தக்காரர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். ஐஸில் கிடந்த ரத்தம், எந்த ஊர், எந்த ஆள், எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரியாத ரத்தம். எங்கள் குடும்பத்தில் பெண் எடுக்க, பெண் கொடுக்க மூன்று தலைமுறை விசாரிப்பவர்கள் ரத்தத்தை விசாரிக்காமல் விடுவார்களா? என் பெரியப்பா மகன் ராமசாமி அண்ணன் கிணத்துக்கடவுத் தோப்பிலிருந்து மோட்டார் பைக்கில் பறந்து வந்தார். அவருக்கும் ஓ நெகட்டிவ். அங்கேயே படுத்துக் கொடுத்தார், சூடு ஆறுமுன் எனக்கு ஏற்றினார்கள். ஒரே ஒரு பாட்டில். எங்கள் சொந்தத்தில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் அண்ணன்தான் வருவார். கொடுத்துவிட்டு ஒரு டம்ளர் ஹார்லிக்ஸ்கூட வாங்கிக் குடிக்காமல், தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று திரும்பிவிடுவார்.

எய்ட்ஸ் கிருமி இல்லை என்று முதலில் வந்தது. அந்தச் சோதனை எனக்குச் செய்தார்கள் என்பதே அப்போதுதான் தெரியும். அந்தக் காலத்தில் அந்தப் பேரை ஆஸ்பத்திரியில் வாய்விட்டுச் சொன்னாலே கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொள்வார்கள். பிறகு மற்றொரு முடிவு வந்தது. என் ரத்தத்திலும் முதுகு நீரிலும் எச்.டி.எல்.வி. என்றொரு வைரஸ் இருப்பதற்கான அடையாளம். டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். அது எய்ட்ஸ் கிருமிக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் அது வேறு, இது வேறு. ரத்தத்தின் வெள்ளை அணுவுக்குள் குடியேறி ஆயுசு பூராவும் அங்கேயே இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே செய்யாது, இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடுவார்கள். நூற்றில் சிலருக்கு மட்டும், உடம்பு அந்தக் கிருமியைத் தாக்கப் போய்த் தன் தண்டுவடத்தையே புண்ணாக்கிக்கொள்ளும். மூளையின் உத்தரவு காலுக்குப் போகிற வழி அங்கே கெட்டுப்போகும்.

என் வீட்டுக்காரர் முன்னால் குனிந்து, "வைண்டிங்ல இன்சுலேசன் போன மாதிரிங்களா டாக்டர்?" என்று கேட்டார்.

"கிட்டத்தட்ட அதேதான்."

"அப்ப கம்பியை மாத்திச் சுத்த முடியாதுங்களா?"

"முடியாதுங்க. மேற்கொண்டு கெடாம பாத்துக்கலாம். விறைப்பைக் குறைக்கலாம்."

எனக்கு அழுகை வரவில்லை. யார் கொடுத்தது என்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. மனைவிக்கு இது புருஷனிடமிருந்து வரலாம் என்று டாக்டர் சொன்னதும், ஹூப்ளிப் பயணம் ஒவ்வொன்றும் வரிசையாக என் முன்னால் வந்து நின்றது. இத்தனை வருஷமாகப் பையைத் துழாவியும் கிடைக்காதது இப்போது கிடைத்துவிட்டது என்று ஒரு கேவலமான திருப்திகூட வந்தது. வந்ததைச் சொல்கிறேன்.

"இவுங்களுக்கும் டெஸ்ட் எடுங்க டாக்டர்" என்றேன்.

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உடனே எழுந்தார். கொஞ்சம் தயங்கியிருந்தால்கூட நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

முடிவு வருகிற வரைக்கும் என்னை வார்டில் வைத்திருந்தார்கள். ஸ்டீராய்டு மருந்தை டிரிப்பில் கலந்து ஏற்றினார்கள். அது தண்டுவடத்தின் புண்ணை ஆற்றுகிற மருந்து. முகம் வீங்கி, நாக்கில் கசப்பு தங்கி, தூக்கமே வராது. தூங்காமல் கிடந்து எல்லோரையும் கவனித்தேன். அவர்களும் என்னைக் கவனித்தார்கள். வைரஸ் என்கிற ஒரு வார்த்தை எப்படியோ வார்டுக்குள் பரவியிருந்தது. பக்கத்துக் கட்டில் நோயாளியின் மருமகள் தன் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். ஊசி போட வந்த பெண் ஒரு கையுறைக்கு மேல் இன்னொன்று போட்டாள். தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது என்று டாக்டர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! என்னைப் பார்க்க வந்த ஒறம்பரைகள், அதாவது சொந்தபந்தங்கள், கட்டிலில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்கள். போகும்போது என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ கேட்டார்கள். என் நடத்தையைப் பற்றித்தான் கேட்டிருப்பார்கள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுப் பழகிய எனக்கு, சந்தேகப்படுகிறவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று படுத்துக்கொண்டே பார்க்கக் கிடைத்தது. அசிங்கமாக இருந்தது.

சிறுநீருக்கு டியூப் வைத்திருந்தார்கள். அந்தப் பை கட்டிலோரத்தில் தொங்கி, நான் புரளும்போதெல்லாம் இழுக்கும். ஒரு நாள் விழித்துப் பார்த்தால், கடையில் கம்பிச் சுருளைக் கட்டுகிற வெள்ளை நாடாவால் பை அழகாகக் கட்டப்பட்டிருந்தது. அதைக் காலி செய்வது ஆயா வேலை. ஆயா அந்தப் பக்கமே வருவதில்லை என்பதும், என் வீட்டுக்காரர்தான் யாரும் பார்க்காத நேரத்தில் கழுவி வைக்கிறார் என்பதும் நங்கை சொல்லித்தான் தெரிந்தது. குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் இத்தனை சேவகம் என்று அதற்கும் ஒரு கணக்குப் போட்டேன்.

அவருக்குக் கிருமி இல்லை என்று முடிவு வந்தது.

நான் நம்பவில்லை. பாட்டில் மாறியிருக்கும், லேபில் யாரையாவது பிடித்திருப்பார், இன்னொரு தடவை எடுங்கள் என்றேன். டாக்டர் முகம் சுளித்தார். என் வீட்டுக்காரர் மறுபடியும் கையை நீட்டினார். ஊசி குத்தும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஹூப்ளில நான் லாட்ஜுல கூட தங்கறதில்ல சரசு. நம்மளுக்கு வேலை குடுக்கற கடைக்காரர் ஊட்டு வராந்தாவுல படுத்துட்டு, பொழுது விடிஞ்சதும் பஸ் ஏறிருவேன். நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ ஒரு நாளும் கேக்கல, பையைத்தான் பாத்தே."

அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. இரண்டாவது முடிவும் அதையேதான் சொன்னது. அன்றைக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன். அவர் என் விறைத்த பாதத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் டாக்டர் பழைய கேள்விக்குத் திரும்பினார். "அந்த ரத்தம் குடுத்தவர் இப்ப எங்க இருக்கார்?"

"அது எங்க அண்ணனுங்க டாக்டர். ஒரு பீடி குடிக்க மாட்டாரு. அவருக்கெல்லாம் இது வராதுங்க."

"நல்லவங்க கெட்டவங்க பாத்து இது வர்றதில்லம்மா. அவருக்கே தெரியாம, அவங்கம்மா குடுத்த தாய்ப்பால்லயே வந்திருக்கலாம். எய்ட்ஸுக்கும் காமாலைக்கும் ரத்தத்தைச் சோதிக்கிறோம், இதுக்கு நம்ம ஊர்ல யாரும் சோதிக்கறதில்ல. அதோட, ஐஸ்ல நாள் கணக்கா இருந்த ரத்தத்துல இந்தக் கிருமி குடியிருக்கிற அணுவெல்லாம் செத்துட்டே வரும். பரவற வாய்ப்பு குறைஞ்சுரும். உங்க சொந்தக்காரங்க சூடா ஏத்தச் சொன்னதா நீங்களே சொன்னீங்க."

பிரிட்ஜில் இருந்த அந்த ஊர் பேர் தெரியாத பாட்டில் என் கண் முன்னால் வந்து நின்றது.

கவிதாவைப் பற்றிக் கேட்டேன். அவள் பால் குடித்து வளர்ந்த காலத்தில் எனக்கு இந்தக் கிருமி கிடையாது, அவளுக்கு என்னிடமிருந்து வர வழியில்லை என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருடைய மெல்லிய குரலை மன்னித்தேன். ஆனால் அந்த நிம்மதி நிலைக்கவில்லை. கவிதா அப்போது மாசமாக இருந்தாள். அவளுக்கும் என்னைப் போலவே ஓ நெகட்டிவ். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பையின் வாயை அடைத்திருக்கிறது, ஆபரேஷன்தான், ரத்தம் நிறையப் போகலாம், தயாராக இருங்கள் என்று பிரசவ டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலம் நங்கை பிளாஸ்கும் ரசம் சாதமுமாகச் சிரித்துக்கொண்டே வந்தார். "சரசு, இனிக் கவலையே இல்ல. ராமசாமி மச்சானுக்குப் போன் பண்ணிப்போட்டேன். கவிதாளுக்கு நான் வாரேன், எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கட்டும்ன்னு சொல்லிப்போட்டாரு."

ரசம் சாதத்தைத் தள்ளி வைத்தேன். சொல்லாவிட்டால் என் மகளுக்கும் அதே சூடான பாட்டில். சொன்னால் அண்ணனின் கதி? அவரைப் பற்றி ஊர் என்னென்ன பேசும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒரு நாள் முழுக்க நானே அதைத்தான் மனதுக்குள் பேசிக்கொண்டிருந்தேன். சந்தைக்குப் போனாரே, அங்கே தங்கினாரோ? தேங்காய் லோடோடு கேரளாவுக்குப் போனாரே? அண்ணிக்கும் அவருக்கும் ஒரு காலத்தில் பேச்சு இல்லையே, எதனால்? டாக்டர் தாய்ப்பால் என்று அத்தனை தெளிவாகச் சொல்லியும் என் புத்தி போன இடம் அது. அதற்காக என்மேலேயே வெறுப்பு வந்தது.

அண்ணனை வரச் சொன்னேன். ஒரு சாக்கு நிறைய இளநீரோடு வந்து, கட்டிலில் என் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வார்டில் கேட்காமல் என் கட்டிலில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான்.

"எப்படிக் கண்ணு இருக்கறே? எளச்சுப்போயிட்டே. கவிதாளை நெனச்சு நீ ஒண்ணும் பயந்துக்காதே, நான் இருக்கறேனல்லோ."

"அண்ணா, கவிதாளுக்கு நீங்க ரத்தம் குடுக்க வேண்டாமுங்க."

"ஏங் கண்ணு? எனக்கு வயசாயிருச்சுங்கிறியா? இன்னும் மரம் ஏறுவேன்."

சொன்னேன். டாக்டர் எனக்குச் சொன்னபடியே, கிருமி, வெள்ளை அணு, தாய்ப்பால், எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குப் பாதி புரிந்திருக்காது. புரிய வேண்டியது புரிந்துவிட்டது. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப... இந்தக் காலு என்னாலயா அம்மணி?"

யார் காரணம் என்று தேடித் தேடி அலைந்தவள் நான். ஆள் கிடைத்து, என் கட்டிலிலேயே உட்கார்ந்து, தானே கேட்கிறார். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அன்னிக்கு நீங்க வராம இருந்திருந்தா எனக்குக் காலும் இல்ல, தலையும் இல்லீங்க அண்ணா. முதல்ல டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமுங்க. இல்லாமயும் இருக்கலாம்."

இருந்தது. அவர் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, ஆனால் ரத்தத்தில் கிருமி இருந்தது. யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் ரகசியம் உங்களுடையது, இனி ரத்தம் கொடுக்காமல் இருந்தால் போதும் என்று டாக்டர் அவரிடம் சொன்னார். அண்ணன் கேட்கவில்லை. தான் ரத்தம் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் பைக்கில் போய், நின்றபடியே விஷயத்தைச் சொல்லி, டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தார். ஒரு வீட்டில் உட்காரச் சொல்லவில்லை. இன்னொரு வீட்டில், அவர் கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்புவதற்குள், அவர் நின்ற இடத்தில் தண்ணீர் ஊற்றினார்களாம். இதை அண்ணி சொல்லி அழுதார்.

நான் வாக்கர் பிடித்து நிற்கிற அளவுக்குத் தேறி வீட்டுக்கு வந்தேன். ஆனால் நாள் குறித்ததற்கு முன்பாகவே கவிதாவுக்கு ரத்தப்போக்கு ஆரம்பித்து, அவசரமாகப் பிரசவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். சம்பந்தி வீட்டாரும் எங்கள் ஆட்களும் வராந்தா நிறைய நின்றார்கள். ராமசாமி அண்ணனும் வந்திருந்தார், ஆனால் கூட்டத்தில் சேராமல் கைகழுவும் தொட்டிப் பக்கம் தனியாக நின்றார். அவர் அருகில் யாரும் போகவில்லை.

நர்ஸ் வந்து, ரத்தம் உடனே வேண்டும், பேங்கில் ஓ நெகட்டிவ் ஒரு பாட்டில் இருக்கிறது, ஏற்றலாமா என்று கேட்டார். கவிதாவின் மாமனார் மெதுவாக, "யாரு என்னன்னே தெரியாத ரத்தமுங்களே" என்று இழுத்தார்.

"ஏத்துங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. வீட்டுக்காரர் என் நாற்காலியின் பிடியை இறுகப் பிடித்திருந்தார். கதவு சாத்திக்கொண்டது. அந்தப் பாட்டிலைக் கொடுத்த முகம் தெரியாத ஆளுக்காக அன்று நான் வேண்டிக்கொண்ட மாதிரி எந்தச் சாமியிடமும் எதற்காகவும் வேண்டிக்கொண்டதில்லை.

ஆண் குழந்தை. கவிதா பிழைத்தாள். முகம் வெளுத்து, வாய் மட்டும் சிரித்தது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் துளி சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்போம். யார் வைக்கிறார்களோ அவர்களுடைய குணம்தான் குழந்தைக்கு வரும் என்று, குடும்பத்தில் நல்ல மனசுக்காரராகப் பார்த்து வைக்கச் சொல்வார்கள். நங்கை குழந்தையை மார்போடு அணைத்து, சின்னக் கிண்ணத்தில் கரைத்த சர்க்கரைத் தண்ணீரோடு வந்து, யார் வைப்பது என்று எல்லோர் முகத்தையும் பார்த்தார். சம்பந்தி தன் தம்பியின் பெயரைச் சொன்னார், மில்லில் பெரிய உத்தியோகம். வேறு யாரோ என் வீட்டுக்காரரைச் சொன்னார்கள்.

"ராமசாமி அண்ணன் வெக்கட்டும்" என்றேன்.

நங்கை குனிந்து என் காதில், "சரசு, என்ன பேசறே? பச்சைக் கொழந்தை. அவுருக்கு அந்தச் சீக்கு..." என்றார்.

"கையில ஒட்டாதுங்க நங்கை. டாக்டர்கிட்ட ஒண்ணுக்கு நாலு தடவை கேட்டவ நான். நான் கேட்டா எப்படிக் கேப்பேன்னு உங்களுக்குத் தெரியுமல்லோ?" எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "தன்ற ரத்தத்துல குத்தம் இருக்குதுன்னு ஊடு ஊடாப் போயிச் சொன்ன ஆளு நம்ம சொந்தத்துல வேற யாருங்க இருக்கறாங்க? இவனுக்கு அந்தக் குணம் வரட்டும்."

சம்பந்தி அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கவிதாவின் புருஷன் ஒரு நிமிஷம் தயங்கினான். பிறகு குழந்தையை நங்கை கையிலிருந்து வாங்கிக்கொண்டு அண்ணன் நின்ற பக்கமாகத் திரும்பினான்.

அண்ணன் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். "வேண்டாங் கண்ணு... நான் வேண்டாம்..." என்றார். கவிதாவின் புருஷன் குழந்தையோடு காத்து நிற்பதைக் கண்டு, திரும்பிக் குழாயைத் திறந்து கை கழுவினார். சோப்புப் போட்டுக் கழுவினார். விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினார். மறுபடியும் சோப்பை எடுத்தார். அவர் தோள் குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது.

"போதுமுங்க அண்ணா, வாங்க" என்றேன். "கொழந்தை அழுகுது."